தலைவர் வைத்த பேர்

பாப்பாவுக்குப் பேர் என்ன என்று கேட்டுவிட்டீர்கள். அதைத்தான் கேட்கக் கூடாது. கோபம் எல்லாம் இல்லை அக்கா. பஸ்ஸில் மடியில் குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்தால் யாரும் கேட்கிறதுதான். ஆனால் ஒரு வார்த்தையில் சொல்லி முடிகிற பேர் இல்லை இது. டவுன் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். இவன் ஓட்டுகிற லட்சணத்துக்கு இன்னும் மேலேயே ஆகும். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஒன்று. இது என் குழந்தை இல்லை. அப்படிப் பார்க்காதீர்கள், எனக்கு இருபத்திரண்டுதான் ஆகிறது, இன்னும் கல்யாணமே ஆகவில்லை. என் அக்கா குழந்தை. அக்காவுக்கு மெட்ராஸ் ஐ வந்து ரெண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்து கிடக்கிறாள். பாப்பாவைத் தொடாதே என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்கு ஒன்பது மாச ஊசி போடணும். அதனால் நான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஊசியும் போடணும், இன்னொரு வேலையும் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஒன்பது மாசம் ஆகியும் இவளுக்குப் பேர் கிடையாது. பாப்பா, குட்டி, ஏய், இவ்வளவுதான். எல்லாம் ஒரே ஆளால். வேங்கைமாறன்.

தெரியுமா உங்களுக்கு? போஸ்டரில் பார்த்திருப்பீர்கள். கையை நீட்டிக்கொண்டு நிற்பார், பின்னால் ஒரு புலி பாயும். 'கரிசல் வேங்கை' என்று எழுதியிருக்கும். நிஜப் பேர் சீனிச்சாமி. வேங்கைமாறன் அவரே வைத்துக்கொண்டது. தனக்கே பேர் வைத்துக்கொள்கிற ஆள் அடுத்தவனைச் சும்மா விடுவாரா? அப்போதே எங்கள் அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

எங்கள் ஊர் கோட்டூரணி. வேங்கைமாறன் பக்கத்து ஊர். பஞ்சாயத்தில் தண்ணீர் மோட்டார் போடுகிற வேலையில் இருந்தவர். ஒரு கோடையில் எல்லா ஊரிலும் தண்ணீர் வற்றிப்போனதாம். பொம்பளைகளைக் காலிக் குடத்தோடு கூட்டிப்போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் அடித்து ஜெயிலில் போட்டது. வெளியே வந்ததும் தேர்தல். சுயேச்சையாக நின்றார், குழாய் சின்னம். ஜெயித்துவிட்டார். பெரிய கட்சிக்காரர்கள் ரெண்டு பேரும் வாயைப் பிளந்துவிட்டார்களாம். நான் அப்போது பிறக்கவில்லை. அப்பா சொல்லிச் சொல்லி நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளணும். எங்கள் தெருவுக்குக் குழாய் போட்டது அந்த ஆள்தான். இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குழாய் போட்டதற்கு எத்தனை தேர்தல் அக்கா கும்பிடுவது?

ஜெயித்த ஊர்வலம் எங்கள் ஊருக்கு வந்தபோது என் அக்கா பச்சைப் பிள்ளை. எங்கள் அம்மாவுக்குக் குலசாமி பேர் வைக்க ஆசை, காளீஸ்வரி. அப்பா கேட்டாரா? கேட்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஜீப்பில் நின்ற ஆளிடம் நீட்டினார். "தலைவரே, நீங்கதான் பேரு வைக்கணும்!" தலைவர் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். "வெற்றிச்செல்வி!" விசில், வேட்டு. எங்கள் அம்மா வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அதுதான் அந்த ஆள் கடைசியாக ஜெயித்தது. அதற்கப்புறம் ஐந்து தேர்தல். ஐந்திலும் தோல்வி.

ரெண்டாவது தேர்தலில் பெரிய கட்சியோடு சேர்ந்து நின்றார். அவர்கள் சின்னத்தில் நின்றார். குழாயைத் தேடித் தேடிப் பார்த்த கிழவிகள் குழாயைக் காணோம் என்று எதிலேயோ குத்திவிட்டு வந்துவிட்டார்கள். தோற்றார். உடனே கூட்டணிக்காரன் முதுகில் குத்திவிட்டான் என்று ஒரு மாநாடு போட்டார். "இனி கரிசல் உழவர் பேரவை எவன் வாசலிலும் போய் நிற்காது! தனித்தே நிற்போம்! என் உயிர் உள்ளவரை தனித்தே நிற்போம்!"

அந்த மேடையில் வைத்துத்தான் எனக்குப் பேர் வைத்தார். எனக்கு அப்போது நடக்கத் தெரியும். பேசக்கூடத் தெரியும். அதுவரை பேர் இல்லாமல் வைத்திருந்தார்கள், தலைவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்று. என்னை மேடைக்குத் தூக்கிப்போய் மைக்கில் சொன்னார்: தனியரசி.

என் பேர் அதுதான் அக்கா. தனியரசி. சிரிக்கணும் என்றால் சிரித்துக்கொள்ளுங்கள், பழகிவிட்டது.

உயிர் உள்ளவரை தனித்து நிற்பேன் என்ற ஆள் அடுத்த தேர்தலுக்கு அதே கூட்டணிக்காரன் வாசலில் போய் நின்றார். சால்வை போட்டார். போட்டோவில் ரெண்டு பேரும் இளித்துக்கொண்டு நிற்பார்கள், எங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் தொங்குகிறது. அவர் கூட்டணிக்குப் போய்விட்டார். நான் மட்டும் தனியரசியாகவே நிற்கிறேன்.

அப்பாவுக்கே கொஞ்சம் சங்கடம்தான் போல. டீக்கடையில் வைத்துக் கேட்டிருக்கிறார். "தலைவரே, மாநாட்டுல அப்படிச் சொன்னமே. ஊர்ல கேட்டா நான் என்ன சொல்ல?" அதற்கு அந்த ஆள் சொன்னது என்ன தெரியுமா? "சங்கையா, சனங்ககிட்ட என்னத்தக் கேக்கது? அவங்களுக்கு நல்லதுதான பண்ணுதோம்."

எங்கள் அப்பா இதை ஏதோ பெரிய வேதம் மாதிரி வீட்டில் சொல்லிக்கொண்டு திரிவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லது பண்ணுகிறவன் கேட்டுவிட்டுப் பண்ணினால் வாயா கோணிப்போகும்?

அதுவும் தோல்வி. அப்புறம் ஒரு தேர்தலில் நிஜமாகவே தனியாக நின்றார். சீப்பு சின்னம். தலைவருக்குத் தலையில் முடி கிடையாது. வழுக்கைத் தலையோடு வேனில் நின்று சீப்பைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். நான் சின்னப் பிள்ளை, சிரித்துவிட்டேன். அப்பா எல்லார் முன்னாலும் முதுகில் ஒன்று வைத்தார். டெபாசிட் போனது. அதற்கடுத்து வேறு ஒரு கூட்டணி, அதுவும் போனது. ஒவ்வொரு தடவை தோற்றதும் ஒரு காரணம் வரும். மெஷினில் கோளாறு. சாதி பார்த்துவிட்டார்கள். மழை வந்துவிட்டது, நம்ம ஆட்கள் வெளியே வரவில்லை. மழை நம்ம ஆட்கள் மேல் மட்டுமா பெய்யும்?

எங்கள் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். ஒன்றியச் செயலாளர் என்று கார்டு அடித்து வைத்திருக்கிறார். ஒன்றியத்தில் இவரைத் தவிர யாரும் மிச்சம் இல்லை.

அக்கா கதை இன்னும் மோசம். முதல் தோல்வி வந்தபோது அவள் ஒண்ணாம் வகுப்பு. மறுநாளே பிள்ளைகள் தோல்விச்செல்வி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அது புதுசாகும். பத்தாம் வகுப்பில் ஒரு டீச்சர் வந்தார்கள், மேகலா டீச்சர் என்று. அவர்கள் மட்டும்தான் வெற்றியைத் தூக்கிவிட்டு, "செல்வி, இங்க வா" என்று கூப்பிடுவார்கள். அக்கா அந்த ஒரு வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்குச் சிரித்துக்கொண்டே போனாள். நான் வேறு மாதிரி. என்னைக் கேலி பண்ணினால் அடித்துவிடுவேன். பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்டேன். இல்லை, பேரால் இல்லை, வறுமையாலும் இல்லை. படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் ஏதாவது சோகக் காரணம் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறேன். நிம்மதியாக இருக்கிறது.

சரி, இவள் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் ஜன்னலைச் சாத்துங்கள், காற்று இவள் முகத்தில் அடிக்கிறது. ஆங்.

அக்கா பிரசவத்துக்கு வந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் பாப்பா பிறந்தது. முப்பதாம் நாள் பேர் வைக்கலாம் என்று அத்தான் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தார். எங்கள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ள, கோவிச்சுக்கிடாதீக. தலைவர் வந்து வப்பாரு. தேர்தல் நெருங்குது, நம்ம ஊருக்கு வராமயா போவாரு?" என்றார். அத்தான் தங்கமான மனுஷன். தங்கமான மனுஷன் எல்லாம் ஒன்றுக்கும் உதவ மாட்டார்கள். சரி மாமா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அக்கா? அக்கா வாயே திறக்கவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான். பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மட்டும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். மேகலா, மேகலா என்று அந்த டீச்சர் பேரைச் சொல்லி ஏதோ பாட்டு மாதிரி. பள்ளிக்கூட ஞாபகம் போல. பிரசவமான பொம்பளைகளுக்கு இப்படி எல்லாம் வரும் என்று அம்மா சொன்னாள்.

மாசக்கணக்கில் காத்திருந்தோம். தலைவர் சென்னையில் கூட்டணி பேசிக்கொண்டிருந்தார். ஒருத்தனும் சேர்த்துக்கொள்ளவில்லை. மறுபடியும் தனித்தே நிற்போம்! இந்தத் தடவை தையல் மெஷின் சின்னம். ஒரு வழியாகப் பிரச்சாரத்துக்கு எங்கள் ஊருக்கு வந்தார்.

காலையில் வருவதாகச் சொன்ன ஆள் உச்சி வெயிலில் வந்தார். அப்பா சரவெடி வாங்கி ரோடு நீளத்துக்குப் போட்டிருந்தார். அம்மா ஆரத்தித் தட்டோடு. அக்கா பட்டுச் சேலையில் பாப்பாவை வைத்துக்கொண்டு. நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், குடை பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். வெடிச் சத்தத்தில் பாப்பா வீல் வீல் என்று அலறுகிறது. அப்பா அப்படியே தூக்கி வேனுக்கு நீட்டிவிட்டார். "தலைவரே! பேத்தி! நீங்கதான் பேரு வைக்கணும்!"

அந்த ஆள் பாப்பாவை வாங்கிய விதம் இருக்கிறதே, ஏதோ நாற்றச் சாமானை வாங்குகிற மாதிரி. முகத்தைத் தன் பக்கம் திருப்பவே இல்லை. செல்போனில் படம் எடுக்கிறவன் பக்கமே திருப்பி வைத்தார். பாப்பா அலறிக்கொண்டே மீசையைப் பிடித்து இழுத்தது. கை எல்லாம் கறுப்பு. சாயம் அக்கா, வேர்வையில் கரைந்து வந்துவிட்டது. எனக்கு அந்த நாளில் பிடித்தது அது ஒன்றுதான்.

பி.ஏ. காதில் என்னவோ சொல்கிறான், அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று. தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்தக் கரிசல் மண்ணின் பெண் குழந்தைக்கு, நம் வெற்றியின் அடையாளமாக, நான் சூட்டும் பெயர்..." நிறுத்தினார். எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். "வெற்றிச்செல்வி!"

புரிகிறதா அக்கா? அது இவள் அம்மா பேர். அந்த ஆளே ஜீப்பில் நின்று வைத்த பேர். வைத்தது ஞாபகமே இல்லை. பேர் வைக்கப்பட்டவள் கைக்கெட்டுகிற தூரத்தில் பட்டுச் சேலையோடு நிற்கிறாள், அதுவும் தெரியவில்லை. ஜெயித்த ஒரே தடவை வாயில் வந்த பேர், அதையே மறுபடியும் எடுத்து விடுகிறார்.

என் அக்கா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். ரொம்ப மெதுவாக. "அய்யா, அது என் பேரு."

மைக் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டுவிட்டது. மனுஷனாக இருந்தால் என்ன செய்யணும்? மன்னித்துக்கொள் தாயி, உனக்கு எந்தப் பேர் பிடிக்கும் என்று கேட்கணும். கேட்டிருந்தால் நான்கூட ஓட்டுப் போட்டிருப்பேன். நிஜமாக.

அந்த ஆள் சிரித்தார். "தாய்க்கும் வெற்றி! சேய்க்கும் வெற்றி! நாளை நமக்கும் வெற்றி!" கூட்டம் விசில் அடிக்கிறது. எங்கள் அப்பா கை தட்டுகிறார், கண்ணில் தண்ணீர். பாப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேன் போய்விட்டது. சாயம் பிடித்த குழந்தையைப் பட்டுச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அக்கா நின்றாள்.

ரிசல்ட் தெரிந்திருக்கும். நோட்டாவுக்கு விழுந்த ஓட்டுகூட அவருக்கு விழவில்லை.

இப்போதாவது அப்பா விடுவார் என்று பார்த்தேன். "தலைவர் வாயால வந்துட்டு. மாத்தப்பிடாது" என்கிறார் அப்பா. "அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பேரா? ஊர் சிரிக்கும்ப்பா" என்றேன். "நீ சும்மா கெட, ஓட்டுப் போடாத கழுத" என்றார். வருகிற திங்கள்கிழமை நகராட்சி ஆபீஸுக்குப் போய் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பேரை அவரே பதிந்துவிட்டு வரப்போகிறாராம். அங்கே ஒரு தடவை ஏறிவிட்டால் அவ்வளவுதான் அக்கா. பள்ளிக்கூடம், ஆதார், கல்யாணப் பத்திரிகை, சாகிற வரைக்கும் அதுதான். என்னைப் பாருங்கள்.

அதனால்தான் இன்றைக்கே வந்துவிட்டேன். திங்களுக்கு முன்னால் நான் பதிந்துவிட்டால்? பேர் பதிகிற பாரம் இந்தப் பையில் இருக்கிறது. எல்லாம் எழுதிவிட்டேன். பேர் ஹர்ஷினி.

நன்றாக இல்லையா? நானே யோசித்து வைத்தேன். அதில் வெற்றி கிடையாது, தோல்வி கிடையாது, எந்தக் கட்சியும் கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கையெழுத்தா? அக்கா போட்டாள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஊசிக்குக் கையெழுத்து வேணும் என்றேன். எங்கே என்றாள். அவள் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன், போட்டாள். சொன்னால் பயந்துவிடுவாள், அதான் சொல்லவில்லை.

நீங்கள் என்ன அக்கா இப்படிக் கேட்கிறீர்கள்? அவளிடம் என்னத்தைக் கேட்கிறது? அவளுக்கு நல்லதுதானே பண்ணுகிறேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

இரு, இரு, அழாதே. பசியாக இருக்காது, கிளம்பும்போதுதான் புட்டிப்பால் குடித்தாள். ஹர்ஷினி! ஏய் ஹர்ஷினி, இங்கே பார்! பழகவில்லை இன்னும், அதான் திரும்பமாட்டேன் என்கிறாள். ஹர்ஷினிக் குட்டி! ச்சே, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது, இவள் திரும்பமாட்டேன் என்கிறாள்.

அவள் அம்மா எப்படி அமர்த்துவாள் என்றா கேட்கிறீர்கள்? அவளா? அதான் சொன்னேனே, அந்த டீச்சர் பாட்டுதான். மேகலா, மேகலா, என் மேகலா, என்று தலையை ஆட்டி ஆட்டி...

பார்த்தீர்களா.

இல்லை, அது அந்த லாரி ஹாரன் சத்தத்துக்குத் திரும்பியிருக்கும்.

மேகலா.

...

மேகலா.

சிரிக்கிறாள். எருமை. ஒன்பது மாசமாக ஒரே வீட்டில் கிடக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னாளா என் அக்கா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டே தினமும் கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள் எல்லாரும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தோம். நான் சோப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா. பாரத்தில் அடித்துத் திருத்தி எழுதினால் வாங்குவார்களா? வாங்க மாட்டார்கள், இல்லையா? புதுப் பாரம்தான் எழுதணும். புதுப் பாரம் என்றால் மறுபடியும் அவள் கையெழுத்து. கண் சரியாக இன்னும் ரெண்டு நாளாவது ஆகும். திங்களுக்குள் ஆகிவிடும். ஆகாவிட்டால் அப்பாவை ரூமில் வைத்துப் பூட்டுகிறேன்.

"நகராட்சி ஆபீஸ் எல்லாம் எறங்கு! ஏம்மா, பிள்ளக்காரம்மா, நகராட்சின்னுதான சீட்டு வாங்குன? எறங்கலையா?"

"இல்லண்ணே. ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு ஒரு சீட்டு போடுங்க. ஊசி மட்டும்தான்."